கையை வெச்சுப் பாருங்க... சுட்டா, யோசிங்க!



நீங்க படிக்கிறது மெக்கானிக்கலா, ஐ.டி-யா, பி.காமா... வீட்டுல அதைப் பத்தியெல்லாம் யாருக்கும் கவலையில்லை. கழுத்துல காலேஜ் கார்டு தொங்குதா? போதும். 'நம்ம புள்ள படிச்ச புள்ள, அவனைக் கூட்டிட்டுப் போய் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்க'ன்னு ஒருநாள் உங்களைக் கோத்துவிட்டுடுவாங்க. நீங்களும் கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டுப் போய், டயரை ரெண்டு உதை உதைச்சு, பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துட்டு, 'ம்... நல்லாத்தான் இருக்கு'ன்னு தலையாட்டுவீங்க.

அந்தத் தலையாட்டலுக்கு விலை ரெண்டு லட்சம், மூணு லட்சம். அதுல பாதி அம்மாவோட வளையல், மீதி அப்பா கட்டி முடிச்ச சீட்டு. அதுவும் வாங்கப் போறது டர்போ வெச்ச பழைய கார்னா, கேம் இன்னும் டேஞ்சர். அதனால இந்த வாரம் நோ மொக்கை. டர்போ காரை எப்படிச் செக் பண்றது, அதுவும் நம்ம ராமநாதபுரம் கடற்கரை வண்டின்னா எங்கெல்லாம் குனிஞ்சு பார்க்கணும்னு பார்த்துடுவோம்.

டர்போ... ஒரு நிமிஷப் பாடம்!

ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல காப்புரிமை வாங்கின ஐடியா இது. சைலன்சர் வழியா சும்மா வெளியே போற சூடான புகையை ஒரு சின்னச் சக்கரத்து மேல அடிக்கவிடு. அது சுத்தும். அதே தண்டோட இன்னொரு முனையில இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம் போனா டீசலும் அதிகமா எரியலாம். சின்ன இன்ஜின், பெரிய இழுவை. மேட்டர் ஓவர்.

இப்போ இதுல இருக்குற வில்லங்கத்தைப் பாருங்க. உங்க ஹாஸ்டல் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல நிமிஷத்துக்கு முந்நூறு, நானூறு சுத்து சுத்தும். கார் டர்போ? ஒரு லட்சத்தைத் தாண்டும், சின்ன டர்போ ரெண்டு லட்சம்கூடப் போகும். ஒரு பக்கம் நூத்துக்கணக்கான டிகிரி சூடு, மறுபக்கம் வெளிக்காத்து. இந்த வேகத்துல அந்தத் தண்டைத் தாங்குறது எது தெரியுமா? மெல்லிசான ஒரு இன்ஜின் ஆயில் படலம். அவ்ளோதான்! ஆயில் மாத்தாம ஓட்டினா, ஆயில் குறைஞ்சே ஓட்டினா, ஹைவேஸ்ல விரட்டிட்டு வந்த சூட்டோட சட்டுனு சாவியைத் திருகி ஆஃப் பண்ணினா... அந்தப் படலம் கருகும், தண்டு தேயும்.

ஒரு சாதா பெட்ரோல் கார், ஓனரோட சோம்பேறித்தனத்தை ஓரளவு மன்னிக்கும். டர்போ மன்னிக்காது. அதனால டர்போ கார் வாங்குறோம்னா, பழைய ஓனரோட பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குறோம். நாம செக் பண்ற எல்லாமே அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

காரங்காடு காத்து என்ன பண்ணும்?

காரங்காடு தெரியும்ல? தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல, ஈ.சி.ஆர்-ல இருந்து கடல் பக்கமா உள்ளே போனா வர்ற ஊர். அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறை படகு சவாரி விடுறாங்களே, அதே ஊர்தான். பறவை பார்க்க, போட்டோ எடுக்கன்னு கேங்கா போயிட்டு வந்திருப்பீங்க. நமக்கு ஜில்லுனு இருக்குற அந்தக் கடல் காத்து, இரும்புக்கு ஸ்லோ பாய்சன்.

உப்பு தண்ணியை இழுத்து வெச்சுக்கும். காத்துல வர்ற உப்புத்தூள் காரோட அடியில படிஞ்சா, வெயில்லகூட அந்த இடம் முழுசாக் காயாது. உப்புல இருக்குற குளோரைடு, உலோகத்து மேல இயற்கையா இருக்குற பாதுகாப்புப் படலத்தைக் குத்திக் கிழிச்சுடும். மேலே பாடியை வாரா வாரம் கழுவுவாங்க, வாக்ஸ் போடுவாங்க. அடியில யார் கழுவுறது?

ஓவர் பில்டப்னு நினைக்காதீங்க. காரைக்குடி 'சிக்ரி' ஆய்வகம் மண்டபத்துல உலோகத் தகடுகளைக் கடல் காத்துல வெச்சு அரிப்பை அளந்திருக்கு. 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல அரிப்போட மல்லுக்கட்டுறதே தனி வேலையா இருந்துச்சு. 2022 டிசம்பர்ல அதுல ரயில் போக்குவரத்தை நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி, பாலிசிலோக்ஸேன் பூச்சுன்னு தனி ஏற்பாடே பண்ணியிருக்காங்க. பாலத்துக்கே இந்தக் கதின்னா, தெருவுல நிக்குற காருக்கு?

மாட்டப் போறது எந்த கார்?

நம்ம பட்ஜெட்ல டர்போ டீசல்னு தேடினா, பத்துல பாதி ஒரே இன்ஜின்தான் வந்து நிக்கும். ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 1,248 சி.சி. மாருதி இதை 'டிடிஐஎஸ்'னு பேர் வெச்சு 2007-ல ஸ்விஃப்ட்ல போட்டுச்சு. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ்... டாடா 'குவாட்ராஜெட்'னு சொல்லி விஸ்டாவுல போட்டுச்சு. ஃபியட்டே புன்ட்டோ, லீனியாவுல போட்டுச்சு. இத்தனை கம்பெனி வண்டியில ஓடினதால, 'இந்தியாவின் தேசிய இன்ஜின்'னே பட்டப்பேர் வெச்சுட்டாங்க. 2020 ஏப்ரல்ல பி.எஸ்-6 வந்தப்போ மாருதி டீசலுக்கே டாட்டா சொல்லிடுச்சு. ஆக, இப்போ விலைக்கு வர்ற மாருதி 1.3 டீசல் எல்லாமே வயசான பார்ட்டிங்கதான்.

இதுல ரெண்டு டைப் இருக்கு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ்ல வந்தது 75 பி.எஸ். சாதாரண டர்போ. எர்டிகா, சியாஸ், எஸ்.எக்ஸ்.4-ல வந்தது 90 பி.எஸ். அந்த டர்போவுக்குள்ள குட்டிக் குட்டி இறக்கைகள் கோணம் மாறும். இழுவை சூப்பர். ஆனா கரி படிஞ்சா இறக்கை இறுகிக்கும். எந்த டைப்னு கேட்டுக்கிட்டே போங்க.

ஸ்டெப் 1: போன்லயே ஆரம்பிங்க

விக்கிறவர்கிட்ட முதல் கண்டிஷன் இதுதான்: 'நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே!' போனதும் 'வணக்கம்' சொல்லிட்டு, பேச்சுவாக்குல பானெட் மேல கையை வைங்க. வெயில் சூடு வேற, இன்ஜின் சூடு வேற. சந்தேகமா இருந்தா பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போற ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. அது சுட்டா, யாரோ உங்களுக்கு முன்னாடியே வண்டியை எழுப்பிக் குளிப்பாட்டி ரெடி பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

ஏன் இவ்ளோ ஃபீலிங்? டீசல் இன்ஜினோட பொய்யெல்லாம் சூட்டுல மறைஞ்சுடும். கம்ப்ரஷன் குறைவு, குளோ பிளக் கோளாறு, வீக்கான பேட்டரி, சங்கிலி லூஸ்... எல்லாம் காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும்தான் வாயைத் திறக்கும். 1.3 மல்டிஜெட்டுல டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. ஆயிலைக் காலாகாலத்துல மாத்தாத வண்டியில அது தளர்ந்துபோகும். ஸ்டார்ட் ஆன முதல் சில நொடி 'கரகர கரகர'ன்னு ஒரு உலோகச் சத்தம் வந்து அடங்கினா, நோட் பண்ணிக்குங்க. சூடான இன்ஜின்ல இது கேட்காமலே போகலாம்.

ஸ்டெப் 2: புகையைப் படிங்க

ஸ்டார்ட் பண்ணும்போது ஃப்ரெண்டு ஒருத்தனைப் பின்னாடி நிறுத்துங்க. லேசா வெள்ளையா வந்து உடனே காணாமப் போனா ஓகே. நம்ம ஊர் வெயில்லயும் வெள்ளைப் புகை நிக்காம வந்தா, இன்ஜெக்டர் கோளாறா இருக்கலாம். இல்லேன்னா கூலன்ட் உள்ளே கசிஞ்சு எரியலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா மேகம் மாதிரி கறுப்பா வந்தா டீசல் சரியா எரியலை; காத்துக் குழாய் எங்கேயோ லீக், இல்லே டர்போ தள்ள வேண்டிய காத்தைத் தள்ளலை. நீலமா வந்தா, இன்ஜின் ஆயிலைக் குடிக்குது.

நீலத்துக்கு ஒரு குட்டி டெஸ்ட். இன்ஜின் சூடானதும் அஞ்சு நிமிஷம் சும்மா ஐடிலிங்ல விடுங்க. அப்புறம் ஒரே ஒரு மிதி. 'புஸ்'ஸுனு நீலப்புகை வந்தா, டர்போ சீல் வழியாவோ வால்வு சீல் வழியாவோ ஆயில் கசியுது. காதையும் தீட்டி வைங்க. டர்போவோட மெல்லிய விசில் நார்மல். தூரத்துல ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி ஏறி இறங்கினா அது விசில் இல்லை, சங்கு!

ஸ்டெப் 3: குழாயைக் கழட்டுங்க

இதுக்கு உங்க சொந்த மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. விக்கிறவர் 'நம்ம பையன்தான், நல்லாப் பார்ப்பான்'னு நீட்டுற மெக்கானிக் வேணாம். இன்ஜின் ஆஃப்ல, ஆறி இருக்கணும். ஓடும்போது கிட்டயே விரலைக் கொண்டுபோகாதீங்க.

ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற குழாயைக் கழட்டினா, உள்ளே குட்டிச் சக்கரம் தெரியும். இறக்கை நுனியில நசுங்கல், ஓட்டை, ஒடிசல் இருக்கா? விரலால மெதுவாச் சுத்தினா தங்குதடை இல்லாமச் சுத்தணும். பக்கவாட்டுல ரொம்ப லேசா அசையிறது தப்பில்லை, அங்கே ஆயில் படலத்துக்கான இடைவெளி வேணும். ஆனா சக்கரம் போய்ச் சுவர்ல உரசக் கூடாது. உள்ளே வெளியேன்னு இழுத்துப் பார்த்தா ஆட்டமே தெரியக் கூடாது. தெரிஞ்சா, டர்போ பாய் பாய்! புது டர்போ, கூலி எல்லாம் சேர்ந்தா செலவு பத்தாயிரங்கள்ல.

குழாய்க்குள்ள ஆயில் ஈரம் இருக்கேன்னு பதற வேணாம். இன்ஜின் மூச்சு விடுற குழாயும் அங்கேதான் வந்து சேரும், லேசான பிசுபிசுப்பு சகஜம். கவிழ்த்தா ஒழுகுற அளவுக்குத் தேங்கியிருந்தாத்தான் ஆபத்து.

அடுத்து ஆயில் குச்சி. டீசல் வண்டி ஆயில் கறுப்பாத்தான் இருக்கும், கலரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. அளவு குறைஞ்சிருக்கா? தார் மாதிரி கெட்டியா இருக்கா? மூடியைத் திறந்தா மோர் மாதிரி வெளுப்பா ஒட்டியிருக்கா? இதுதான் கேள்வி. கூடவே ஆயில் மாத்தின பில் கேளுங்க. 10,000 கி.மீ-க்கு ஒரு தடவை, இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தின பில் வரிசையா இருந்தா, அந்த ஒரு ஃபைலுக்கே கொஞ்சம் கூடுதலாக் கொடுக்கலாம். புது சீட் கவர், பாட்டுப் பெட்டி, ரிவர்ஸ் கேமராவுக்கெல்லாம் கொடுக்காதீங்க.

ஸ்டெப் 4: படகைக் கவுத்துப் பார்க்கிற மாதிரி...

என் கிளாஸ்மேட் ஒருத்தன் காரங்காட்டுக்காரன். அவங்க அப்பா கடலுக்குப் போறவர், நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். பாட்டியை ராம்நாடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக கார் ஒண்ணு வேணும்னு, 2015 மாடல் டீசல் ஸ்விஃப்ட் ஒண்ணைப் பேசி வெச்சிருந்தாங்க. நகையை வெச்சு எடுத்த பணம் வீட்டுல ரெடி. விக்கிறவர் சாயங்காலம் வண்டியை ஓட்டிட்டு வந்து, 'இப்பவே பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுங்க, நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது'ன்னு ஒரே அவசரம். மாமா அசரலை. 'ராத்திரி வண்டி இங்கனயே நிக்கட்டும்ண்ணே. காலையில வெளிச்சத்துல பார்த்துட்டுப் பேசிக்குவோம்'னுட்டார். சாவியைக்கூட அவர்கிட்டயே கொடுத்து அனுப்பிட்டார்.

காலையில நான் டேஷ்போர்டு, மீட்டர்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். மாமா பானெட் பக்கமே போகலை. கயிறு வெட்டுற கத்தியோட பிடியால, கதவுக்குக் கீழே இருக்குற பட்டையை 'டொக் டொக்'னு தட்டிக்கிட்டே போறார். ஒரு இடத்துல 'டொக்' மாறி 'பொத்'துனு சத்தம். 'தம்பி, இங்கன வா. மேல பளபளப்பைப் பார்த்து ஏமாறாத. உப்பு கீழ இருந்துதான் தின்னும். படகையே நாங்க கவுத்துப் போட்டுல்ல பார்ப்போம்'னார். குனிஞ்சு பார்த்தா, அடிப்பக்கம் முழுக்கப் புதுசா கறுப்பு பெயின்ட். பத்து வருஷ வண்டிக்கு அடியில மட்டும் நேத்து அடிச்ச மாதிரி பெயின்ட் இருந்தா, அது பாதுகாப்பு இல்லை, போர்வை!

அதுக்கப்புறம் மெக்கானிக் அண்ணன் காட்டினது, சிலபஸ்லயே இல்லாத விஷயம். டர்போ பக்கத்துல ஒரு சின்னக் கம்பி இருக்கும். காத்தழுத்தம் எல்லை மீறினா அது நகர்ந்து 'வேஸ்ட்கேட்' கதவைத் திறந்து, புகையைத் திருப்பி விட்டுடும். இது வெளியே தெரியுற உறுப்பு, அதனால உப்புக் காத்து நேரா அடிக்கும். அந்த வண்டியில கம்பி துருப்பிடிச்சு அசையவே இல்லை. கதவு மூடினபடி இறுகினா அழுத்தம் எகிறும், திறந்தபடி இறுகினா இழுவையே இருக்காது. டர்போவைக் கழட்டலாம்னாலும் அதைப் பிடிச்சிருக்குற போல்ட்டெல்லாம் துருவுல இறுகி, ஸ்பேனர் போட்டா முறியுற நிலைமை. உள்ளே ஆயில் பழக்கம் பண்ண வேண்டிய சேதத்தை, வெளியே இருந்து உப்பு பண்ணிடுச்சு!

மாமா வண்டியை வேணாம்னுட்டார். ரெண்டு மாசம் கழிச்சு, பரமக்குடி பக்கம் கடல் காத்து அதிகம் படாத ஒரு வண்டியைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினார். பாட்டி இப்போ முன் சீட்டுலதான் உட்காருவேன்னு அடம்!

சரி, நீங்க அடியில பார்க்க வேண்டிய லிஸ்ட் இதோ: கதவுக்குக் கீழ்ப் பட்டை, சக்கரத்து வளைவோட உள் விளிம்பு, முன் சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காருற இடம், பின் அச்சு, பிரேக் ஆயில் போற மெல்லிய குழாய், டீசல் ஊத்துற கழுத்து, சைலன்சர் இணைப்புகள். முன்னாடி இருக்குற ஏ.சி. கண்டன்சர், ரேடியேட்டர், அப்புறம் இன்டர்கூலர் எங்கே இருந்தாலும் அது... இதோட அலுமினியத் தகடுகளை நகத்தால லேசாத் தொட்டுப் பாருங்க. வெள்ளைப் பொடியா உதிர்ந்தா கடல் காத்தோட கைவரிசை. சென்சார் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னும் பாருங்க. ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை ஒரு துணியில சுத்தி பாடி மேல நகர்த்துங்க. ஒட்டாத இடத்துல பட்டி பூசியிருக்கலாம், அடியில பிளாஸ்டிக் பாகமான்னு மட்டும் பார்த்துக்குங்க.

முக்கியமான விஷயம், ஜாக்கி மட்டும் போட்டுட்டுக் கீழே நுழையாதீங்க பாஸ்! வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்ல லிஃப்ட்ல ஏத்தச் சொல்லுங்க. முடியலைன்னா மொபைல்ல டார்ச் போட்டு, கீழே நீட்டி வீடியோ எடுங்க.

ஸ்டெப் 5: ரோட்டுல கேளுங்க

ஓனரைப் பக்கத்துல உட்கார வெச்சு, லைசென்ஸ் இருக்குற ஆள் ஓட்டணும். ஈ.சி.ஆர்-ல காலியான நேர் ரோடு, ஸ்பீடு லிமிட்டுக்குள்ள. மூணாவது கியர், 1,500 ஆர்.பி.எம்-ல இருந்து சீரா மிதிங்க. 75 பி.எஸ். ஸ்விஃப்ட்டுக்கு உச்ச டார்க் 190 நியூட்டன் மீட்டர் வர்றது 2,000 ஆர்.பி.எம்-ல. முதல்ல கொஞ்சம் தூங்கும், அதுதான் 'டர்போ லேக்'. 2,000-ஐ நெருங்கும்போது முதுகுல யாரோ கை வெச்சுத் தள்ளுற ஃபீல் வரணும். தூக்கம் கலையவே இல்லைன்னா, இல்லே திடீர்னு சக்தி செத்து செக் லைட் எரிஞ்சா, டர்போ பக்கம் சிக்கல் இருக்கு.

மொபைல் பார்ட்டிகளுக்கு ஒரு சூப்பர் மேட்டர். புளூடூத் ஓபிடி ஸ்கேனர்னு ஒரு குட்டி டப்பா, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்குற சாக்கெட்டுல மாட்டலாம். சாவியை ஆன் பண்ணி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம, மேனிஃபோல்டு பிரஷர் பாருங்க. காரங்காடு மாதிரி கடல் மட்டத்து ஊர்ல 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டணும். அது வெறும் வெளிக்காத்து. மூணாவது கியர்ல முழுசா மிதிக்கும்போது அது நல்லா ஏறி, இரு மடங்கை நெருங்கணும். 120, 130-லயே மூச்சு வாங்கினா காத்து எங்கேயோ ஓடிப்போகுது. கோடு எதுவும் இல்லைன்னு காட்டினாலும் சந்தோஷப்படாதீங்க. 'கோடு அழிச்சதுக்கு அப்புறம் ஓடின தூரம்'னு ஒரு வரி இருந்தா அதையும் பாருங்க. அது வெறும் 12 கி.மீ-ன்னு காட்டினா, இன்னிக்குக் காலையிலதான் யாரோ அழிச்சிருக்காங்க!

கடைசியா ஒரு சீக்ரெட் டெஸ்ட். திரும்பி வரும்போது ஓனரையே ஓட்டச் சொல்லுங்க. வண்டியை நிறுத்தினதும் அவர் கையைப் பாருங்க. அரை நிமிஷமாவது ஐடிலிங்ல விட்டு ஆஃப் பண்றாரா? இல்லே, வந்த வேகத்துல சாவியைத் திருகுறாரா? வருஷக்கணக்கா அந்த டர்போ என்ன பாடுபட்டுச்சுன்னு அந்த அரை நிமிஷம் சொல்லிடும்.

ஸ்டெப் 6: வண்டி எங்கே இருந்து வந்துச்சு?

'சீப்பா கிடைக்குது மச்சி'ன்னா, ஏன் சீப்புன்னு கேளுங்க. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் சென்னை வெள்ளம்... 2023 டிசம்பர்லயே தூத்துக்குடி, நெல்லை வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ-க்கு மேல கொட்டுச்சு. 2024 நவம்பர்ல நம்ம ராமேஸ்வரத்துலயே 40 செ.மீ-க்கு மேல. இதுல முங்கின வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போயிடலை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு படிஞ்ச கோடு இருக்கா? ஸ்டெப்னி குழி, சீட்டுக்கு அடியில இருக்குற தண்டவாளம், ஃபியூஸ் பாக்ஸ் மூலை... துரு, மண், ஊமை வாசனை எதுவும் இருக்கக் கூடாது.

வடக்கே இருந்து வர்ற வண்டின்னா இன்னொரு கதை. டெல்லி வட்டாரத்துல 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுச்சு, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதிபண்ணுச்சு. 2025-ல கொஞ்சம் தளர்த்தினாங்க. அந்தத் தடைக்குப் பயந்து அங்கே மலிவா வித்த டீசல் கார் மத்த மாநிலங்களுக்கு நிறைய வந்துச்சு. அந்த வண்டிக்குத் தடையில்லாச் சான்றான ஃபாரம் 28, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ்னு செலவு வரிசைகட்டும். கூட்டிப் பார்த்தா அது சீப்பே இல்லை!

ராமேஸ்வரம், தனுஷ்கோடின்னு டூரிஸ்ட் சவாரி அடிச்ச வண்டியான்னும் கேட்டுக்குங்க. அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டது 2017-லதான். அதுக்கு முன்னாடி வேனும் ஜீப்பும் ஈர மணல்லயும் கடல் தண்ணியிலயும்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அந்தக் காலத்து ஜீப் விலைக்கு வந்தா, அடிப்பக்கத்தை ரெண்டு தடவை பாருங்க.

ஸ்டெப் 7: பேப்பர் பேசட்டும்

* ஆர்.சி-யில இருக்குற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் வண்டியில இருக்குறதோட எழுத்துக்கு எழுத்து பொருந்தணும்.
* 'பரிவாஹன்' தளத்துல நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், ஃபிட்னஸ், இன்ஷூரன்ஸ், பாக்கி அபராதம் பாருங்க. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம். அதுக்கு அப்புறம் புதுப்பிக்கணும். 2012 மாடல் வாங்கினா, அந்தச் செலவு வாசல்லயே நிக்குது.
* லோன் வண்டியா? பேங்க் தடையில்லாச் சான்றும் ஃபாரம் 35-ம் கைக்கு வராம முழுப் பணமும் கொடுக்காதீங்க.
* பேர் மாத்த ஃபாரம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்குத்தான் சொந்தம், அது வண்டியோட வராது.

பெட்ரோல் டர்போன்னா?

நெக்ஸான், வென்யூ, ஃபிராங்க்ஸ்னு இப்போ பெட்ரோல் டர்போவும் பழைய மார்க்கெட்டுக்கு வர ஆரம்பிச்சுடுச்சு. ரூல் அதேதான்: ஆறின இன்ஜின், ஆயில் பில், தண்டு ஆட்டம், அடிப்பக்கம். கூடுதலா ஒண்ணு. கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தான் ஊத்தினாங்களான்னு பில்லுல பாருங்க. பெட்ரோல் டர்போவுக்குப் புகைச் சூடு இன்னும் அதிகம்; 'ஏதோ ஒரு ஆயில்'னு ஊத்தின வண்டி வேணாம்.

கடைசியா...

கண்டுபிடிச்ச குறையை எல்லாம் ஒரு பேப்பர்ல ரெண்டு வரிசையா எழுதுங்க. டயர், பேட்டரி, பிரேக் பேட், குழாய் லீக் எல்லாம் ஒரு பக்கம். இதெல்லாம் காசு கொடுத்தா சரியாகும், மெக்கானிக்கிட்ட விலை கேட்டு மொத்தத் தொகையில கழிச்சுப் பேசுங்க. டர்போ தண்டு ஆட்டம், பாடியோட எலும்புல துரு, வெள்ளம், பேப்பர் குளறுபடி இன்னொரு பக்கம். இதுல ஒண்ணு இருந்தாலும் பேரம் கிடையாது. 'தேங்க்ஸ்ணே, யோசிச்சுட்டுச் சொல்றோம்'னு கிளம்பிடுங்க.

அந்த 'வேணாம்'தான் உண்மையிலேயே கஷ்டம். வீட்டுல எல்லாரும் கலரைப் பார்த்து மயங்கி, தங்கச்சி பின் சீட்டுல செல்ஃபி எடுத்து முடிச்சிருப்பா. அப்பாவும் 'என்னப்பா, ஓகேவா?'ன்னு ஆசையா உங்க முகத்தைப் பார்ப்பார். அந்த இடத்துல நாலு பேர் முன்னாடி வேணாம்னு சொல்றதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. தலையாட்ட ஆள் வேணும்னா பக்கத்து வீட்டு அங்கிளே போதுமே!

ஓகே ஃப்ரெண்ட்ஸ்... ஏற்கெனவே வீட்டுல டர்போ வண்டி இருந்தா, இன்னிக்கு ஒரு வேலை பண்ணுங்க. ஆயில் குச்சியை உருவிப் பாருங்க, அடியில ஒரு வாளி நல்ல தண்ணி அடிச்சு உப்பைக் கழுவிவிடுங்க. அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்ணுவோம். வர்ட்டா!